வைரம் பாய்ந்த மரமும் வண்ணப்பூச்சும்: பழைய மரச்சாமான்களைப் புதுப்பித்து விற்கும் வீட்டுத் தொழில்

பழைய மரச்சாமான்களை வாங்கிப் பழுது நீக்கி, மேற்பூச்சைப் புதுப்பித்து விற்பது தமிழ்நாட்டுக்குப் புதிய தொழிலன்று. ஆயினும், பட்டறையும் கூலியாட்களும் இன்றிக் கொல்லைப்புறத்திலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருந்து நடத்தக்கூடிய வீட்டுத் தொழிலாக அது வளர்ந்தது, கைப்பேசியில் படம் எடுத்து நேரடியாக வாடிக்கையாளருக்குக் காட்டி விற்கும் வசதி வந்த பின்னரேயாகும். பெருமுதல் வேண்டாம், பெரிய இயந்திரங்களும் வேண்டாம் என்பதால் இத்தொழிலில் இறங்குவது எளிது. எளிதாக இறங்கியவர்களில் பலர் முதல் ஆண்டிலேயே செய்யும் தவறு, கையில் கிடைத்த மரம் எதுவென்று அறியுமுன் பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிடுவதாகும். எந்தச் சாமானுக்கு வண்ணம் பூசலாம், எதற்குப் பூசவே கூடாது என்று பிரித்தறிவதே இத்தொழிலின் முதற்பாடம் என்பதால், இந்த அத்தியாயம் தூரிகையைப் பற்றிப் பேசுமுன் மரத்தைப் பற்றிப் பேசுகிறது.

தமிழ்நாட்டுச் சந்தையில் பழைய மரச்சாமான் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது செட்டிநாடு ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1940கள் வரை, பர்மாவில் கொடுக்கல்வாங்கல் நடத்திய நகரத்தார் குடும்பங்கள் அங்கிருந்து கப்பலில் தேக்கு மரத்தை வரவழைத்துத் தூண், நிலை, கதவு ஆகியவற்றோடு பெட்டகம், ஊஞ்சல், கணக்குப்பிள்ளை மேசை, சாய்வு நாற்காலி ஆகியவற்றையும் செய்துகொண்டன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது ஏற்பட்ட இழப்பும், 1962க்குப் பின் அமைந்த இராணுவ ஆட்சி வணிகத்தை நாட்டுடைமையாக்கியதால் நேர்ந்த இழப்பும் அச்செல்வத்தின் ஊற்றை அடைத்தன; பின்னர் வீடுகள் பங்காளிகளுக்கிடையே பாகம் பிரிக்கப்பட்டும், பராமரிக்க ஆளின்றி இடிக்கப்பட்டும் போனதால், அவற்றின் சாமான்கள் வெளியே வரத் தொடங்கின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக அமைந்துள்ள பழம்பொருள் கடைகள் இவ்வரலாற்றின் விளைவேயாகும். புதிதாகத் தொழில் தொடங்குபவர் அங்கே வாங்குவதற்காக அல்லாமல், தொட்டுப் பார்த்துப் பழகுவதற்காகவேனும் ஒரு முழு நாளைச் செலவிடுவது நல்லது. ஏனெனில் அங்குள்ள விலைகள் விவரம் அறிந்த வணிகர்கள் வைத்தவை, அவற்றின் மீது வீட்டுத் தொழில் நடத்துபவர் இலாபம் வைப்பது கடினம்.

மரத்தை இனங்காணுதல்

மரத்தின் நடுப்பகுதி முற்றிக் கெட்டிப்பட்டு நிறம் ஏறிய நிலையைத் தச்சர்கள் ‘வைரம்’ என்றும், பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியை ‘வெளிறு’ என்றும் வழங்குவர். வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் எளிதில் அணுகாது. அதே தேக்கின் வெளிற்றுப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே ‘இது தேக்கு’ என்று விற்பவர் சொன்னதும் மனம் நிறைந்துவிடாமல், இழுப்பறையின் பின்பலகை, கால்களின் உட்புறம் போன்ற மறைவிடங்களில் வெளிறு எவ்வளவு கலந்துள்ளது என்று பார்க்க வேண்டும். மறைவான ஓரிடத்தில் உப்புத்தாளால் இரண்டு முறை தேய்த்தால் தேக்கு பொன்பழுப்பு நிறமும் தோலையொத்த வாசனையும் காட்டும். ஈட்டி, அதாவது தோதகத்தி, கருஞ்சிவப்பு ஊடே கறுத்த கோடுகள் ஓட, கைக்குக் கனமாக இருக்கும். பலா மஞ்சளாகத் தொடங்கி ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும். பூவரசு, வேம்பு, மா முதலிய நாட்டு மரங்களும், ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய தேக்குச் சீவல் ஒட்டிய வெனீர் சாமான்களும், சன்மைக்கா ஒட்டிய மேசைகளும் இச்சந்தையில் ஏராளம். ஒட்டுப்பலகையை அதன் விளிம்பில் தெரியும் அடுக்குகள் காட்டிக்கொடுத்துவிடும்.

வயதை அறிவதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லைவிடச் சாமானின் அடிப்புறமே நம்பத்தக்க சாட்சியாகும். கையால் இழைப்புளி தள்ளி இழைத்த பலகையின் அடிப்புறத்தை விரலால் தடவினால் மெல்லிய அலைபோன்ற மேடுபள்ளம் தட்டுப்படும். இயந்திர வட்டவாளால் அறுத்த பலகையில் வில்போல் வளைந்த கோடுகள் ஒரே சீராக இருக்கும். மரம் நீளவாக்கில் சுருங்குவதைவிடக் குறுக்குவாக்கில் மிகுதியாகச் சுருங்கும் இயல்புடையதாதலால், பல பத்தாண்டுகள் கண்ட வட்டமேசையை நாடாவால் அளந்தால் ஒரு திசையில் விட்டம் சற்றுக் குறைந்து காணப்படும். தேய்மானமும் கை படும் இடங்களில்தான் இருக்க வேண்டும்: நாற்காலிக் கையின் நுனி, இழுப்பறையின் கீழ்விளிம்பு, கால்கட்டையின் மேற்பரப்பு. யாரும் தொடாத மூலைகூடக் கை பட்ட இடத்தைப் போலவே தேய்ந்திருந்தால் அது செயற்கையாகப் பழமையாக்கப்பட்டது என்று கொள்ளலாம். இடித்த வீடுகளின் தூணையும் உத்திரத்தையும் அறுத்துப் புதிதாகச் செய்யும் மேசைகளும் சந்தையில் உள்ளன. மரம் பழையது, மேசை புதிது என்று சொல்லி விற்கும்வரை அதில் குற்றம் ஒன்றுமில்லை.

கொள்முதல்

வீட்டுத் தொழிலுக்கு ஏற்ற கொள்முதல் இடங்கள் பழம்பொருள் கடைகளல்ல. வீடு இடிக்கும் இடங்கள், காயலான் கடைகள், வீடு மாறுபவர்களின் விளம்பரங்கள், அலுவலக ஏலங்கள், சென்னையைப் பொறுத்தமட்டில் பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை ஆகியனவே. போகிக்கு முந்தைய வாரங்களில் வீட்டை ஒழிப்பவர்கள் பழைய சாமான்களைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதுண்டு. வாங்கும்போது ஒரு சீட்டில் விற்றவரின் பெயர், நாள், தொகை, சாமானின் விவரம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெற்று, படமும் எடுத்து வைத்துக்கொள்வது திருட்டுப் பொருள் என்ற பழி பின்னாளில் வராமல் காக்கும். வரிக்கணக்குக்கும் அச்சீட்டே ஆதாரமாகும்.

கோயில் சார்ந்த மரப்பொருள் எதையும், அதாவது தேர்ச் சிற்பம், வாகனத்தின் உறுப்பு, திருவாசிப் பலகை போன்றவற்றை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடவே கூடாது. வீட்டுச் சாமான்களிலும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். 1976 ஏப்ரல் 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கலை அல்லது கைவினைப் பொருள்களைத் தொல்பொருள் என்று வரையறுத்து, அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்றும், அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்றும் விதிக்கிறது. எனவே, ஆதாரம் ஏதுமின்றி ‘நூற்றைம்பது வருடப் பழமை’ என்று விளம்பரம் செய்பவர் ஒரே வரியில் வாடிக்கையாளரையும் ஏமாற்றுகிறார், சட்டச் சிக்கலையும் தாமே அழைக்கிறார். வேலைப்பாடு மிக்க சாமான் ஒன்று உண்மையிலேயே அவ்வளவு பழையது என்று தோன்றினால், இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே விற்பனையைப் பற்றி எண்ண வேண்டும். வீட்டுத் தொழிலுக்கு உகந்தவை 1930கள் முதல் 1980கள் வரையிலான சாமான்கள். அவை மிகுதியாகக் கிடைக்கின்றன, நாள்தோறும் புழங்கவும் தாங்குகின்றன.

வீட்டுக்குக் கொண்டுவந்த சாமானை உடனே மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது. மரத்தை உள்ளிருந்து அரிக்கும் வண்டின் புழுவை ‘உளு’ என்பர். அது வெளியேறிய இடத்தில் குண்டூசித் தலையளவு துளை தெரியும். துளை இருப்பதனாலேயே உளு உயிரோடு இருக்கிறது என்று பொருளாகாது. சாமானின் அடியில் கறுப்புத் தாளை விரித்து இரண்டு மூன்று வாரம் அசைக்காமல் வைத்திருந்து, தாளின் மேல் வெளிறிய மாவு புதிதாக உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உதிர்ந்திருந்தால் மரத்துக்கென்று விற்கப்படும் பூச்சிமருந்தை ஊசிக்குழல் வழியாகத் துளைதோறும் செலுத்தி, பாலிதீன் தாளால் இறுகச் சுற்றி வைத்து, மறுபடியும் கறுப்புத் தாளின் மேல் சோதிக்க வேண்டும். தாள் சுத்தமாக இருக்கும்வரை அச்சாமான் விற்பனைக்கு உரியதன்று. ஒரு வீட்டுக்கு உளுத்த அலமாரியை அனுப்புவது அவ்வீட்டின் கதவு நிலைகளுக்கும் சேர்த்து நோயை அனுப்புவதாகும்.

பூச்சுக்கு முன் பழுது

ஆடும் நாற்காலிக்கு எவ்வளவு நேர்த்தியாக வண்ணம் பூசினாலும் அது ஆடும் நாற்காலியே. பழைய சாமான்களின் மூட்டுகள் பெரும்பாலும் ஒரு கட்டையில் வெட்டிய துளைக்குள் மற்றொரு கட்டையின் நாக்கைச் செருகி, ‘வஜ்ஜிரம்’ எனப்படும் பசையால் ஒட்டப்பட்டவை. விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் இப்பசைக்கு ஓர் அருங்குணம் உண்டு: வெந்நீரும் சூடும் பட்டால் இளகிக் கொடுக்கும். ஆகவே தளர்ந்த மூட்டில் ஆணி அடிப்பதை அறவே தவிர்த்து, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து மூட்டைக் கழற்றி, பழைய பசையை முழுவதும் சுரண்டியெடுத்த பின்னரே ஃபெவிகால் போன்ற புதுப்பசையை இட்டு, இறுக்கியால் ஒரு நாள் முழுவதும் இறுக்கி வைக்க வேண்டும். பழைய பசையின் மேல் புதுப்பசை பிடிக்காது. தச்சு வேலையில் பழக்கமில்லாதவர் இந்தக் கட்டத்தைக் கூலி கொடுத்துத் தச்சரிடம் செய்வித்துக்கொள்வதே சிக்கனம்.

பித்தளைப் பிடிகளையும் கீல்களையும் கழற்றி, எது எந்த இழுப்பறையுடையது என்று குறித்துத் தனித்தனிப் பொட்டலத்தில் வைக்க வேண்டும். கழற்றச் சோம்பி அவற்றின் மேலேயே பெயிண்ட் தீற்றிய சாமான், தூரத்திலிருந்தே தரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரம்புப் பின்னல் அறுந்த நாற்காலியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. பிரம்பை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து நெகிழ்வாக்கிப் பின்னும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பின்னல் புதிதானதும் அந்த நாற்காலியின் மதிப்பு பின்னல் கூலியைவிடப் பன்மடங்கு கூடுகிறது.

பாலிஷா, பெயிண்டா

இந்நூலின் கருத்து இதில் ஐயத்துக்கு இடமற்றது. திடமான தேக்கும் ஈட்டியும், பெரிய சிதைவு இல்லாதவரை, வண்ணப்பூச்சுக்கு உரியவையல்ல. மரத்தின் ரேகையே அவற்றின் விலை. ஒளிபுகாத பூச்சு அந்த விலையை மூடிவிடுகிறது, பிறகு அதை நீக்குவதற்கு ஆகும் உழைப்பு பூசியதைப் போல் ஐந்து மடங்கு. நாட்டு மரங்களைக் கலந்து செய்த அலமாரி, வெனீர் உரிந்த நிலைக்கண்ணாடி மேசை, பட்டி வைத்து அடைத்த தழும்புகள் நிறைந்த பெஞ்சு, முன்னரே பலமுறை எனாமல் பூசப்பட்ட முக்காலி ஆகியவையே வண்ணத்துக்கு ஏற்றவை. இவற்றுக்கு வண்ணம் புதுவாழ்வு தருகிறது. வாடிக்கையாளர் ஒருவர் நல்ல தேக்கு மேசைக்கு வெள்ளைப் பூச்சு கேட்டால், அதே அளவுள்ள நாட்டுமர மேசையைக் காட்டி அவரை மாற்ற முயல வேண்டும். பெரும்பாலோர் விலைக் குறைவையும் கண்டு மகிழ்ந்து மாறிவிடுவர்.

முதலில் பழைய பூச்சு எதுவென்று அறிய வேண்டும். மறைவிடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்து எடுத்தால் பூச்சு ஒட்டும் பதத்துக்கு இளகுமானால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகுமானால் லாக்கர். இரண்டுக்கும் அசையாதது வார்னிஷ் அல்லது பாலியூரிதேன் வகை. அரக்குப் பாலிஷைச் சுரண்டவே தேவையில்லாமல் போகலாம். அழுக்கைத் துடைத்து, ஸ்பிரிட்டால் இளக்கி, மேலே புதிதாக ஏற்றினாலே போதும். பல பட்டறைகளில் பழைய பூச்சை எடுக்கக் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றிக் கழுவுகிறார்கள். அது விரைவானது, மலிவானது. ஆனால் தேக்கைக் கறுக்கச் செய்து, நாரை எழுப்பி, மூட்டுப் பசையையும் இளக்கிவிடுகிறது. கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்தான அந்த முறைக்கு வீட்டில் இடமே இல்லை.

பழைய வண்ணப்பூச்சில் மற்றோர் ஆபத்து உண்டு. வீட்டுப் பெயிண்ட்டில் காரீயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சுகளில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், காரீயம் மிகுதியாக இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சாகும். ஆகவே பழைய எனாமலைத் தண்ணீர் தாளால், அதாவது நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால், ஈரத்திலேயே தேய்த்து, கழிவைத் தாளோடு சுருட்டி அப்புறப்படுத்த வேண்டும். சிறுவர் உள்ள வீட்டில் இந்த வேலையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவே கூடாது.

பாலிஷ் ஏற்றுதல்: அரக்கு என்பது அரக்குப் பூச்சி மரக்கிளைகளின் மேல் சுரக்கும் பிசின்; சார்க்கண்ட், சத்தீசுகர் மாநிலக் காடுகளில் மிகுதியாகச் சேகரிக்கப்படுகிறது. சுத்தம் செய்து தகடாக்கிய அரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குச் சுமார் 150 கிராம் வீதம் கரைத்து வடிகட்டியதே பிரெஞ்சு பாலிஷ். மெத்திலேற்றிய ஸ்பிரிட்டையும் பிரெஞ்சு பாலிஷையும் வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் விதிகள் உள்ளமையால், சில்லறை அளவுக்கு மேல் வாங்குவோர் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையில் உரிமம் பற்றிக் கேட்டறிய வேண்டும். அந்த ஸ்பிரிட் குடித்தால் கண்ணையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. பூட்டிய இடத்தில், பெயர் எழுதிய புட்டியில் மட்டுமே இருக்க வேண்டும்.

மரத்தை 120, 180, 220 எண் உப்புத்தாள்களால் ரேகை ஓடும் திசையிலேயே வரிசையாகத் தேய்த்து, தூசைத் துடைக்க வேண்டும். பஞ்சை உள்ளே வைத்து நன்கு துவைத்த பழைய வேட்டித் துணியால் முடிந்த உருண்டையே பாலிஷ் ஏற்றும் கருவியாகும். புதுத் துணியின் கஞ்சியும் நூல் பிசிறும் பாலிஷில் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் பழைய வேட்டி வேண்டப்படுகிறது. உருண்டையைப் பாலிஷில் தோய்த்துப் பிழிந்து, பலகையின் ஒரு முனைக்கு வெளியே காற்றில் தொடங்கி, விமானம் தரையைத் தொட்டு எழுவதைப் போல் மரத்தில் இறங்கி மறுமுனையில் விலக வேண்டும்; மரத்தின் மேல் வைத்தபடி ஒரு நொடி நிறுத்தினாலும் கீழேயுள்ள படலம் இளகி உருண்டையின் வடு பதிந்துவிடும். ஒவ்வொரு படலமும் மூச்சுக் காற்றைப் போல் மெல்லியதாக இருக்க, ஒரு நாளைக்கு நான்கைந்து ஏற்றி, இரவு உலரவிட்டு, மறுநாள் 400 எண் தாளால் பூப்போல் வருடி, மீண்டும் ஏற்றினால் ஒரு வாரத்தில் மரம் உள்ளிருந்து ஒளிர்வதைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கிப் பாலிஷ் வெண்மையாகப் பூத்துவிடும். சித்திரை வெயிலிலோ ஸ்பிரிட் மிக விரைவாக ஆவியாகி உருண்டை இழுத்துப் பிடிக்கும். தை, மாசி மாதங்களின் காலைப்பொழுதே இவ்வேலைக்கு உகந்தது. அரக்குப் பாலிஷ் சூடான காப்பித் தம்ளருக்குத் தாங்காது என்பதால் உணவு மேசைக்கு அதைத் தவிர்த்துப் பாலியூரிதேன் பூச்சு இடுவது நேர்மையான பரிந்துரையாகும்.

வண்ணம் பூசுதல்: வண்ணப்பூச்சில் பெரும்பாலான தோல்விகள் பூச்சினால் நேர்வதில்லை, அதன் அடியிலுள்ள மரத்தினால் நேர்கின்றன. மரத்தின் துவர்ப்புச் சத்தும் எண்ணெயும் நீர்சார்ந்த வெள்ளைப் பூச்சின் ஊடே கசிந்து, இரண்டாம் வாரத்தில் மஞ்சள் திட்டாகத் தெரியும். எத்தனை முறை மேலே பூசினாலும் அது மீண்டும் கசியும். மெழுகு நீக்கிய அரக்கை இரண்டு படலம் முதலில் ஏற்றினால் கசிவு நின்றுவிடும். மெழுகு நீக்காத அரக்கின் மேல் நீர்சார்ந்த பூச்சு சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் அவ்வேறுபாட்டைக் கடையில் கேட்டு வாங்க வேண்டும். பிறகு பிரைமர், குழிகளுக்குப் பட்டி, 220 எண் தாள், அதன் மேல் மெல்லியதாக இரண்டு அல்லது மூன்று பூச்சு என்று வேலை தொடர வேண்டும். கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்க நினைப்பவருக்கு விளிம்புகளில் சொட்டு இறங்கும்.

சுண்ணத்தைப் போல் ஒளிராத, மென்மையான தோற்றம் தரும் ‘சாக் பெயிண்ட்’ இங்கிலாந்தில் அன்னி ஸ்லோன் 1990இல் அறிமுகப்படுத்திய பூச்சின் வழியாகப் பரவியது. எமல்ஷன் பெயிண்ட்டில் நீரில் குழைத்த சாக்பவுடரைக் கலந்து வீட்டிலேயே இதைப் போன்ற பூச்சைச் செய்துகொள்வோரும் உளர். அதன் மேல் மெழுகு தேய்ப்பது குளிர்நாட்டு வழக்கம். நம் வெயிலில் மெழுகு இளகித் தூசை ஈர்ப்பதால், நீர்சார்ந்த நிறமற்ற பாலியூரிதேன் பூச்சே இங்கு ஏற்றது. கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் பூச்சு உள்ளே முழுதும் இறுகுவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் அடுக்கி வைத்தாலோ பாலிதீனில் சுற்றி அனுப்பினாலோ பூச்சு ஒட்டிக்கொண்டு உரியும். கொடுத்த தேதியைக் காப்பாற்றுவதற்காக இந்தக் காத்திருப்பைக் குறைப்பவர் அதே சாமானை மறுபடி இலவசமாகப் பூசிக் கொடுக்க நேரும்.

வீட்டில் நடக்கும் தொழில் என்பதால் பாதுகாப்பு இரட்டிப்பாக வேண்டும். ஸ்பிரிட்டும் தின்னரும் திறந்திருக்கும் இடத்தின் அருகே அடுப்போ, பூசையறைக் குத்துவிளக்கோ எரியக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றும். அதைத் தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவைத்த பின்னரே எறிய வேண்டும். தூசுக்கான முகக்கவசம் தின்னரின் ஆவியைத் தடுக்காது என்பதையும், மரத்தூசே புற்றுநோய்க் காரணியாக உலகளவில் வகைப்படுத்தப்பட்டது என்பதையும் நினைவில் கொண்டு, அந்தந்த வேலைக்குரிய கவசத்தை அணிய வேண்டும்.

விலையும் விற்பனையும்

வீட்டுத் தொழிலில் மிகப் பெரும்பாலோர் தம் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு தேக்கு எழுதுமேசையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வாங்கியது ரூ.4,500, ‘குட்டி யானை’ வண்டி வாடகை ரூ.600, தச்சர் கூலி ரூ.1,200, உப்புத்தாள், பாலிஷ் முதலியன ரூ.900, பித்தளைப் பிடிகள் ரூ.500, மின்சாரமும் இடமும் ரூ.400. இதன் கூட்டுத்தொகை ரூ.8,100. மேசை ரூ.13,500க்கு விலைபோனால் ரூ.5,400 இலாபம் என்று மனம் மகிழும். அதில் செலவிட்ட 22 மணி நேரத்துக்கு மணிக்கு ரூ.120 என்று வைத்தாலும் கூலி ரூ.2,640 ஆகிறது, உண்மையான மிச்சம் ரூ.2,760 மட்டுமே. அத்தொகையிலிருந்துதான் விற்காமல் தேங்கும் சாமான்களின் முடக்கத்தையும், கெட்டுப்போன வேலைகளையும் ஈடுகட்ட வேண்டும். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி ஏட்டுப்பக்கம் திறந்து, வேலை செய்த மணி நேரத்தை அன்றன்றே குறித்துவருபவருக்கு ஆறே மாதத்தில் எந்த வகைச் சாமான் சோறு போடுகிறது, எது நேரத்தை விழுங்குகிறது என்பது விளங்கிவிடும். பொதுவாகச் சிறிய சாமான்களே, அதாவது கைப்பெட்டி, முக்காலி, கண்ணாடிச் சட்டம் முதலியவையே, விரைவில் விலைபோய் முதலைத் திருப்பித் தருகின்றன. பெரிய அலமாரி அழகாக இருந்தும், வாங்குபவரின் மாடிப்படியில் ஏறாது என்பதாலேயே மாதக்கணக்கில் தங்கிவிடும். ஆகவே விளம்பரத்தில் நீள, அகல, உயரத்தை அங்குலத்தில் தவறாமல் தர வேண்டும். புதுமனை புகுவோர் மிகுதியாக உள்ள ஆவணி, தை மாதங்களை ஒட்டி இருப்பைத் தயார் செய்வதும் பயன் தரும்.

படம் எடுப்பதற்குக் காலை வெளிச்சமும் வெறுஞ்சுவரும் போதும். முழுத்தோற்றம், திறந்த இழுப்பறை, மூட்டு, அடிப்புறம், மிச்சமிருக்கும் குறை ஆகிய ஐந்தையும் காட்ட வேண்டும். குறையை முதலிலேயே படம் எடுத்துக் காட்டும் விற்பனையாளரிடம் பேரம் குறைவாகவே நடக்கிறது என்பது இத்தொழிலில் உள்ளோர் பலரும் கண்டறிந்தது.

பதிவைப் பொறுத்தவரை, 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவு ஆதார் எண்ணைக் கொண்டு கட்டணமின்றிச் செய்துகொள்ளத்தக்கது. வங்கிக் கடனுக்கு அது உதவும். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு, தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் ரூ.40 இலட்சத்தைத் தாண்டும்போது கட்டாயமாகிறது. பிறர் சாமானைக் கூலிக்குப் புதுப்பித்துத் தருவது சேவையாதலால், அதையும் செய்பவருக்கு ரூ.20 இலட்சமே வரம்பு. வேறு மாநிலத்துக்கு விற்பவர் தொகை எதுவாயினும் பதிவின் தேவையைக் கணக்காளரிடம் கேட்டறிய வேண்டும். பதிவு பெற்றவர்களுள் பழைய பொருளை வாங்கி அதன் இயல்பு மாறாத சிறு செப்பத்தோடு விற்போர், உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காத நிலையில், முழு விலைக்கு அல்லாமல் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மட்டும் வரி செலுத்த விதிகளில் இடம் உண்டு. கொள்முதல் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொன்னதன் மற்றொரு காரணம் இதுவே. ஈட்டி மரச்சாமானை வெளிநாட்டுக்கு அனுப்பும்படி கேட்கும் வாடிக்கையாளரிடம், அம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சாமானை அனுப்புமுன் செய்யவேண்டிய கடைசி வேலை ஒன்று உண்டு. மரத்தின் பெயர், மாற்றிய உறுப்புகள், பழைய பூச்சு எது, புதிய பூச்சு எது, பூசிய மாதமும் ஆண்டும் ஆகியவற்றைக் கையளவு தாளில் எழுதி, கீழ் இழுப்பறையின் அடிப்புறத்தில் ஒட்டிவிட வேண்டும். இன்னும் முப்பது ஆண்டு கழித்து அம்மேசையைக் கையில் எடுக்கும் தச்சருக்கு, எதனால் துடைப்பது, எதைச் சுரண்டாமல் விடுவது என்று சொல்ல வேறு யாரும் இருக்கப்போவதில்லை. ஆகவே அந்தச் சீட்டைப் பென்சிலால் எழுதுக, மை காலப்போக்கில் வெளுத்துவிடும்.